கிட் ஏ: கணினி செய்ததா, ஐந்து பேர் செய்ததா?

ஒரு வாசகரின் கருத்து, 2 அக்டோபர் 2021

பிரிட்டனின் ராக் குழுவான ரேடியோஹெட்டின் கிட் ஏ ஆல்பம் வெளியாகி 21 ஆண்டுகள் ஆகின்றன. ராக் இசையின் திருப்புமுனை என்று இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பாடகரும் ஒரு தயாரிப்பாளரும் கணினி முன்னால் உட்கார்ந்து செய்த தனி ஆல்பம் அது. மற்ற நால்வரின் பெயர் சேர்ந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஓகே கம்ப்யூட்டர் போன்ற ஆல்பத்தைச் செய்த குழு கிட்டாரைத் தூக்கி எறிந்ததை எதற்காகக் கொண்டாட வேண்டும்?

2 அக்டோபர் 2021, இரவு

கடைசி வரிக்கு முதலில் பதில். கிட்டாரை யாரும் தூக்கி எறியவில்லை. ஆப்டிமிஸ்டிக் பாடலைக் கேளுங்கள், அது கிட்டார் பாடல்தான். ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி பாடலின் அடியில் ஓடிக்கொண்டிருப்பது சாதாரண மரக் கிட்டார். ட்ரீஃபிங்கர்ஸ் பாடல் முழுக்கக் குழுவின் கிட்டார் கலைஞர் எட் ஓபிரையன் வாசித்த கிட்டார். கணினியில் அதை நீட்டிக் குழைத்து, கிட்டார் என்று அடையாளம் தெரியாமல் செய்திருக்கிறார்கள்.

"தனி ஆல்பம்" என்ற குற்றச்சாட்டு வேறு வகை. அதற்கு நிதானமாகப் பதில் எழுத வேண்டும்.

3 அக்டோபர் 2021

1997இல் ஓகே கம்ப்யூட்டர் வந்தது. அதன் பிறகு நடந்த நீண்ட சுற்றுப்பயணம் குழுவின் பாடகர் தாம் யார்க்கை உடைத்துப் போட்டது. திரும்பி வந்தவரால் பாடல் எழுத முடியவில்லை. கிட்டாரை எடுப்பார், தொடங்குவார், விட்டுவிடுவார். வானொலியைத் திறந்தால் அவர் குரலைப் போலவே பாடும் குழுக்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த காலம் அது. தன்னுடைய குரலே சலித்துப்போன பாடகர் என்ன செய்வார்? வார்ப் நிறுவனத்தின் மின்னணு இசைத்தட்டுகளை வாங்கிக் குவித்தார். ஏஃபெக்ஸ் ட்வின், ஓட்டெக்கர் என்று குரலே இல்லாத இசையை நாள்கணக்கில் கேட்டார். புதிதாக ஒரு பியானோ வாங்கினார். பியானோவில் அவருக்குப் பெரிய தேர்ச்சி கிடையாது, அதுவே நல்லதாகப் போயிற்று. கை பழகாத வாத்தியத்தில் பழைய வழக்கங்கள் வராது. அந்தப் பியானோவில் எழுதியதுதான் எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் ப்ளேஸ்.

மறுபக்கத்தையும் பாருங்கள். எட் ஓபிரையன் எதிர்பார்த்தது சின்னச் சின்ன, மெட்டு நிறைந்த கிட்டார் பாடல்களை. ஓகே கம்ப்யூட்டரின் கனத்துக்குப் பிறகு அது நியாயமான ஆசைதான். 1999 ஜனவரியில் ஐந்து பேரும் பாரிசில் கூடியபோது யார்க்கிடம் முடிந்த பாடல்கள் இல்லை; ஒரு தாளம், ஒரு ஒலி, இரண்டு வரி, அவ்வளவுதான் இருந்தது. மார்ச்சில் கோபன்ஹேகன் போனார்கள். அங்கே சுமார் 50 சுருள் ஒலிநாடா நிறைந்தது, ஒவ்வொன்றிலும் 15 நிமிடம். முடிந்த பாடல் ஒன்றுகூட இல்லை.

ஏப்ரலில் குளோஸ்டர்ஷயரில் ஒரு பெரிய மாளிகையில் மறுபடி முயன்றார்கள். வெளியிடத் தகுந்த ஆல்பம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒன்று வரவில்லையென்றால் கலைந்துவிடுவது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். தனி ஆல்பம் செய்பவருக்கு இந்தப் பேச்சே தேவையில்லை. மற்ற நால்வரின் ஒப்புதல் இல்லாமல் நகர முடியாது என்று இருந்ததால்தான் இவ்வளவு இழுத்தது.

3 அக்டோபர் 2021, சற்று நேரம் கழித்து

ஒன்றைச் சேர்க்க மறந்துவிடக் கூடாது. தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச்சுக்கும் தொடக்கத்தில் இது பிடிபடவில்லை. ஒன்றை இவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் அதை ஏன் விட வேண்டும் என்பதுதான் அவருடைய கேள்வியும். ஆகவே "பாடகரும் தயாரிப்பாளரும் சேர்ந்து செய்த சதி" என்ற சித்திரம் பொருந்தவில்லை.

பிறகு 2000இன் தொடக்கத்தில் அதே காட்ரிச் ஒரு பயிற்சி கொடுத்தார். குழுவை இரண்டாகப் பிரித்து இரண்டு அறைகளில் விட்டார். ஒரு அறையில் இருப்பவர்கள் கிட்டார், டிரம்ஸ் போன்றவற்றைத் தொடாமல் ஏதாவது ஒரு ஒலியை உண்டாக்க வேண்டும். அடுத்த அறையில் இருப்பவர்கள் அதை எடுத்து வளர்க்க வேண்டும். அதிலிருந்து பெரிதாகப் பாடல் எதுவும் வந்துவிடவில்லை. ஆனால் கணினியையும் சிந்தசைசரையும் கண்டு ஒதுங்கி நின்றவர்களுக்கு அச்சம் விலகியது அங்கேதான்.

5 அக்டோபர் 2021

இரண்டாவது பாடலை, ஆல்பத்தின் பெயரையே கொண்ட கிட் ஏ-யை, ஹெட்ஃபோனில் கேளுங்கள். விளையாட்டுப் பெட்டியிலிருந்து வருவது போன்ற சின்ன மணியொலி. அதன் மேல் மனிதனா இயந்திரமா என்று சொல்ல முடியாத ஒரு குரல், சொற்கள் பாதி கரைந்து வருகின்றன. இந்தக் குரல் ஒருவருடையது அல்ல. யார்க் மெட்டில்லாமல் சொற்களைப் பேசினார். குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞரான ஜானி கிரீன்வுட் ஓந்த் மார்த்தனோ வாத்தியத்தில் மெட்டை வாசித்தார். வோகோடர் என்ற கருவி இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தது. சொல் ஒருவருடையது, சுரம் இன்னொருவருடையது. நான்கு பேர் ஒலிவாங்கி முன் நின்று கோரஸ் பாடினாலும் இவ்வளவு நெருக்கமான கூட்டு வேலை நடக்காது. ஆல்பத்தில் மிகத் தனிமையாக ஒலிக்கும் குரல் இரண்டு பேர் சேர்ந்து செய்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

ஓந்த் மார்த்தனோ பற்றிச் சொல்லிவிடுகிறேன். மோரிஸ் மார்த்தனோ என்ற பிரெஞ்சுக்காரர் 1928இல் அறிமுகப்படுத்திய மின்னணு வாத்தியம். விரலில் ஒரு வளையத்தை மாட்டிக்கொண்டு, அதோடு இணைந்த கம்பியை இடவலமாக நகர்த்தினால் சுரம் வழுக்கிக்கொண்டே போகும்; விரலைச் சற்று அசைத்தால் குரல் நடுங்குவது போல நடுங்கும். இடது கை ஒலியின் அளவைக் கட்டுப்படுத்தும். பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியானின் இசையைப் பள்ளி வயதில் கேட்டு ஜானி இதன் மீது பித்தாக இருந்தவர். ஹவ் டு டிஸப்பியர் பாடலில் தூரத்தில் அழுவது போல ஒன்று வருகிறதே, அது இதுதான்.

6 அக்டோபர் 2021

தி நேஷனல் ஆந்தம் "முழுக்க முழுக்க இயந்திரத் தாளம்" என்று ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். அது ஃபில் செல்வே கையால் வாசித்த டிரம்ஸ். அதுவும் 1997இல், ஓகே கம்ப்யூட்டர் காலத்தில் ஒரு உபரிப் பாடலுக்காகப் பதிவு செய்தது. நன்றாக இருக்கிறதே என்று எடுத்து வைத்துக்கொண்டார்கள். பேஸ் கிட்டார் யார்க். அந்த பேஸ் வரி அவர் 16 வயதில் எழுதியது. புதிய பாதையின் சின்னமாக எல்லோரும் காட்டும் பாடலின் எலும்பு பழையது. மேலே பித்தளை ஊதுகருவிகள் கூட்டமாக வந்து மோதிக்கொள்கின்றனவே, அதற்கு முன்மாதிரி ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸ். யார்க்கும் ஜானியும் கலைஞர்கள் முன் குதித்துக் குதித்து அந்த இரைச்சலை நடத்தினார்கள். குதித்ததில் யார்க்கின் பாத எலும்பு முறிந்தது.

9 அக்டோபர் 2021

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். சொல்கிறேன்.

கல்லூரிக் காலத்தில் நாங்களும் ஒரு குழு வைத்திருந்தோம். பெரிதாக ஒன்றுமில்லை, கலைவிழாக்களில் வாசிப்போம். ஒரு கட்டத்தில் எங்கள் கீபோர்டு நண்பன் கணினி வாங்கினான். அதில் தாளம் அமைத்தான், பேஸ் அமைத்தான், வயலின்கூட அமைத்தான். எல்லாம் எங்களுக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள் ஒத்திகை. அவன் புதிதாகச் செய்ததைப் போட்டுக் காட்டினான், அருமையாக இருந்தது. கிட்டார் வாசிக்கும் நண்பன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு பாடலுக்கும் சுருதி சேர்ப்பான், வாசிக்க இடம் வருகிறதா என்று பார்ப்பான், வராது. மறுபடி சுருதி சேர்ப்பான். அன்று மாலை முழுவதும் அவன் ஒரு சுரமும் வாசிக்கவில்லை. "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினான். அடுத்த வாரம் வரவில்லை. யாரும் அவனைத் திட்டவில்லை, வெளியே போ என்று சொல்லவில்லை. அவனுக்கு இடமில்லாமல் போயிற்று, நாங்கள் கவனிக்கவில்லை.

எட் ஓபிரையன் அந்த நாள்களில் குழுவின் இணையதளத்தில் நாட்குறிப்பு எழுதிவந்தார். ஒத்திகை அறையில் யார் என்ன செய்தார்கள், எது நகர்ந்தது, எது நகரவில்லை என்றெல்லாம். அதைப் படிக்கும்போது என் நண்பன்தான் கண்முன் வந்தான். வாசிக்க ஒன்றுமில்லாத கிட்டார் கலைஞரும், தாளத்தை இயந்திரம் எடுத்துக்கொண்ட டிரம்ஸ் கலைஞரும் அறையை விட்டுப் போகாமல் இருந்தார்கள். "இந்தப் பாடலில் நான் வேண்டாம்" என்று முடிவெடுப்பதும் பாடலுக்குச் செய்யும் வேலைதான் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பள்ளியில் ஒன்றாகப் படித்து 1985 முதல் சேர்ந்து வாசிப்பவர்களால்தான் அது முடியும் என்று நினைக்கிறேன். கிட் ஏ-யில் கொண்டாட வேண்டியது சிந்தசைசர் அல்ல, இந்தத் துணிச்சல். சிந்தசைசர் 1960களிலேயே வந்துவிட்டது.

10 அக்டோபர் 2021

இடியோடெக். இந்தப் பாடல் பிறந்த விதத்தைப் பலரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஜானி மாடுலர் சிந்தசைசரில் தாளமும் ஒலிகளுமாக நீண்ட நேரம் அலைந்து திரிந்து பதிவு செய்தார், சுமார் 50 நிமிடம். நடுவே வானொலியையும் பழைய இசைத்தட்டுகளையும் கலந்துகொண்டார். அந்தப் பதிவை அப்படியே யார்க்கிடம் கொடுத்தார். யார்க் கேட்டுக்கொண்டே போனார். இடையில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான ஒரு பகுதி, நான்கு ஸ்வரக்கட்டுகள் (பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது). அதை வெட்டி எடுத்து, அதன் மேல் முழுப் பாடலையும் கட்டினார்.

அந்த நான்கு ஸ்வரக்கட்டுகள் பால் லான்ஸ்கி என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1973இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஐபிஎம் பெருங்கணினியில் உருவாக்கிய படைப்பிலிருந்து வந்தவை. அப்போதெல்லாம் துளை அட்டைகளில் கட்டளை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒலியைக் கேட்கக் காத்திருக்க வேண்டும். அந்தப் படைப்போ வாக்னரின் டிரிஸ்டான் இசைநாடகத்தில் வரும் புகழ்பெற்ற ஸ்வரக்கட்டிலிருந்து முளைத்தது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய இசைநாடகம், 1973இன் பெருங்கணினி, ஆக்ஸ்ஃபோர்டுப் பக்கத்து இளைஞரின் சிந்தசைசர். ஜானி லான்ஸ்கிக்குக் கடிதம் எழுதி அனுமதி கேட்டார், அவரும் கொடுத்தார். பாடலின் உருவாக்கத்தில் அவர் பெயரும் இருக்கிறது.

50 நிமிடக் குவியலைக் கொடுத்தவர் ஒருவர். அதில் எந்த இடம் உயிருள்ளது என்று கண்டுபிடித்தவர் இன்னொருவர். தனி ஆல்பம் என்று சொல்பவர்கள் இதை என்ன கணக்கில் வைப்பார்கள்?

15 அக்டோபர் 2021

முதலில் எப்படிக் கேட்டீர்கள் என்று இங்கே எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், நானும் எழுதுகிறேன். ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே, இணையத்தில் பாடல்களைப் பகிர்ந்துகொள்ளும் நாப்ஸ்டரில் கசிந்து உலகம் முழுக்கப் பரவியிருந்தது. கோவையில் எங்கள் விடுதியில் ஒருவனுடைய கணினிக்கு அது எப்படியோ வந்து சேர்ந்தது. கோப்புகள் ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருந்தன, அப்படியே ஓடவிட்டோம். எவ்ரிதிங் அகரவரிசையிலும் முதலாவதாகவே வந்துவிட்டது. ஆனால் கடைசியில் வர வேண்டிய மோஷன் பிக்சர் சவுண்ட்டிராக் நடுவிலேயே வந்து போனது. அதற்கடுத்து ஊதுகருவிகளின் இரைச்சல். எல்லாம் முடிந்தபின் ட்ரீஃபிங்கர்ஸ்.

பிறகு சரியான வரிசையில் கேட்டபோது அது வேறொரு ஆல்பமாக இருந்தது. கூட்டத்தின் நடுவே மறைந்துபோக நினைப்பவனின் பாடல், அதன்பின் சொற்களே இல்லாத ட்ரீஃபிங்கர்ஸ், அதன்பின் தரையில் கால் பதிக்கும் டிரம்ஸோடு ஆப்டிமிஸ்டிக். இந்த மூன்றும் அடுத்தடுத்து வந்தால்தான் மூன்றுக்கும் அர்த்தம். பதிவு செய்த பாடல்கள் இரண்டு ஆல்பத்துக்குத் தேறின. இரட்டைத் தட்டாக வெளியிடலாமா என்று யோசித்து, கனம் தாங்காது என்று கைவிட்டார்கள். எதை முதலில் விடுவது, எதை எந்த இடத்தில் வைப்பது என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. பத்துப் பாடல், ஐம்பது நிமிடம் என்று நறுக்கியது யாராக இருந்தாலும் அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

16 அக்டோபர் 2021

நேற்று ஹவ் டு டிஸப்பியர் பற்றிப் போகிறபோக்கில் எழுதிவிட்டேன். அது அப்படிக் கடந்துபோகக் கூடிய பாடல் அல்ல. சுற்றுப்பயணத்தில் தாங்க முடியாமல் தவித்த யார்க் ஆர்.இ.எம். குழுவின் மைக்கேல் ஸ்டைப்பிடம் புலம்பினார். கதவுகளை இழுத்து மூடிக்கொள், நான் இங்கே இல்லை, இது நடக்கவில்லை என்று உனக்குள் சொல்லிக்கொண்டே இரு என்றார் ஸ்டைப். அந்த அறிவுரையே பாடலின் பல்லவியாயிற்று. டப்ளினில் ஓடும் லிஃபி ஆற்றில் தான் மிதந்து போவதாக யார்க் கண்ட கனவும் அதில் இருக்கிறது.

தந்தி வாத்தியங்களை ஆர்கெஸ்ட்ரா ஆஃப் செயின்ட் ஜான்ஸ் குழு வாசித்தது; பதிவு டார்செஸ்டர் அபே என்ற பழைய தேவாலயத்தில். எழுதியவர் ஜானி. பின்னாளில் திரைப்படங்களுக்கு இசையமைக்கும் ஜானி கிரீன்வுட் இந்தத் தேவாலயத்தில்தான் தொடங்குகிறார் என்பேன்.

21 அக்டோபர் 2021

நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி 2000இல் நியூயார்க்கர் இதழில் எழுதிய விமர்சனத்தை ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். இந்த ஆல்பம் கேட்பவரிடம் பக்தனின் பொறுமையைக் கேட்கிறது, சம்பளம் வாங்கத் தொடங்கியபின் பொறுமையும் பக்தியும் யாரிடம் மிச்சமிருக்கிறது என்பது அவர் வாதம். நேர்மையான வாதம்தான்.

ஆனால் என் அனுபவம் நேர்மாறு. மாணவனாக இருந்தபோது எனக்கு இது வியப்பாகத்தான் இருந்தது, நெருக்கமாக இல்லை. வேலைக்குப் போன பிறகு, கடைசி மின்சார ரயிலில் தாம்பரத்துக்குத் திரும்பும் இரவுகளில், யாரிடமும் ஒரு வார்த்தை பேசத் தெம்பில்லாத நேரத்தில்தான் இது எனக்குள் இறங்கியது. என்னிடம் எதையும் கேட்காத இசையாக இருந்தது. எவ்ரிதிங் பாடலில் யார்க்கின் குரலைக் காட்ரிச் துண்டு துண்டாக்கிப் பின்னோக்கி இழுத்து விளையாடியிருக்கிறார். ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது. நாள் முழுக்கப் பேசிக் களைத்த மண்டைக்குள் அப்படித்தான் ஓடும். அதைப் புரிந்துகொள்ளப் பொறுமை வேண்டியதில்லை, களைப்பு போதும்.

22 அக்டோபர் 2021

வணிகத் தந்திரம் என்பவர்களுக்குச் சுருக்கமாக: தனிப் பாடலாக, அதாவது சிங்கிளாக, ஒன்றுகூட வெளியிடவில்லை. வழக்கமான பாடல் காணொளி இல்லை, சில விநாடி அசைபடத் துணுக்குகள் மட்டும். பேட்டிகள் மிகக் குறைவு. பாடல் வரிகளை அச்சிடவில்லை. கசிந்து ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 2 லட்சத்துக்கும் மேல் விற்றது. அங்கே அவர்களுடைய ஆல்பம் முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை. தந்திரக்காரர்கள் யாரும் இந்த வழியைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

24 அக்டோபர் 2021

விவாதம் எங்கோ போகிறது என்றாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ரேடியோஹெட் என்ற பெயர் அமெரிக்க ராக் குழுவான டாக்கிங் ஹெட்ஸின் 1986ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றிலிருந்து எடுத்தது. அந்த டாக்கிங் ஹெட்ஸ் இதே சோதனைக்கு 1980இலேயே தங்களை உட்படுத்திக்கொண்டவர்கள். ரிமெய்ன் இன் லைட் ஆல்பத்துக்காக பஹாமாஸில் தயாரிப்பாளர் பிரையன் ஈனோவுடன் உட்கார்ந்து, முன்கூட்டி எழுதிய பாடல் எதுவும் இல்லாமல் சிறு சிறு தாளத் துண்டுகளை வாசித்து, அவற்றைச் சுழலவிட்டு, அதன் மேல் அடுக்கினார்கள். நைஜீரியாவின் ஃபேலா குட்டியின் தாளங்கள் அவர்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தன. அங்கேயும் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற மனக்கசப்பு வந்தது. பெயரைக் கொடுத்தவர்களிடமிருந்து பாதையும் வந்திருக்கிறது.

வரிகள் விஷயத்தில் யார்க் இன்னும் பின்னே போனார். கவிஞர் டிரிஸ்டன் ஜாரா சொன்ன முறையில், எழுதிய வரிகளைத் துண்டுகளாக வெட்டித் தொப்பியில் போட்டு, வந்ததை எடுத்தார்.

7 நவம்பர் 2021

நேற்று முன்தினம் கிட் ஏ நீசியா வெளிவந்துவிட்டது. கிட் ஏ, அதற்கு அடுத்து வந்த ஆம்னீசியாக் ஆகிய இரண்டு ஆல்பங்களோடு, அன்று வெளியிடாமல் வைத்திருந்தவையும் மூன்றாவது தட்டாக வந்திருக்கின்றன. அதில் ஃபாலோ மீ அரவுண்ட் என்ற பாடலைக் கேளுங்கள். யார்க், ஒரு மரக் கிட்டார், அவ்வளவுதான். மெட்டு முதல் முறை கேட்டதுமே ஒட்டிக்கொள்கிறது. இப்படி ஒன்று கையில் இருந்தும் அன்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பாடல் எழுதத் தெரியாமல் இயந்திரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டார்கள் என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

13 நவம்பர் 2021

மேடையில் இதை எப்படி வாசித்தார்கள் என்று கேட்டவருக்கு: 2001 நவம்பரில் வந்த ஐ மைட் பி ராங் என்ற நேரடிப் பதிவுத் தொகுப்பைத் தேடிக் கேளுங்கள். தி நேஷனல் ஆந்தம் பாடலில் ஊதுகருவிகள் இல்லை, ஐந்து பேர் மட்டும், ஆனாலும் இரைச்சல் குறையவில்லை. எவ்ரிதிங் பாடலின் முடிவில் யார்க்கின் குரலை அங்கேயே பிடித்து அங்கேயே வெட்டித் திருப்பி வீசுகிறார்கள். ஒலிப்பதிவுக்கூடத்தில் பிரிந்து பிரிந்து செய்ததை மேடையில் ஒன்றாக நின்று வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். இடியோடெக் பாடலுக்குக் கூட்டம் கைதட்டி ஆடுகிறது.

14 நவம்பர் 2021

ஆம்னீசியாக் மிச்சம் மீதியா என்ற கேள்விக்கு: இல்லை. 2001 ஜூனில் வந்தது, அதே காலத்துப் பதிவுகள். பிரமிட் சாங் ஒன்று போதும் அதை நிமிர்ந்து நிற்க வைக்க. இரண்டிலும் இருக்கும் ஒரே பாடல் மார்னிங் பெல். கிட் ஏ-யில் அது ஐந்து எண்ணிக்கையில் போகிறது. மிருதங்கம் கொஞ்சம் படித்த என் காது அதைத் தானாகவே தக தகிட என்று பிரித்துக்கொண்டது. தொடையில் கண்ட சாபு போட்டுக்கொண்டே கேட்பேன். ஆம்னீசியாக்கில் அதே பாடலை நான்கு எண்ணிக்கைக்கு மாற்றி, வேகத்தைக் குறைத்து, கனக்க வைத்திருக்கிறார்கள். இரண்டில் எது என்று கேட்டால் எனக்குக் கிட் ஏ-யில் இருப்பதுதான். ஃபில் செல்வேயின் டிரம்ஸ் முதல் அடியிலிருந்தே தெளிவாக, உலர்ந்து, ஒரு அலங்காரமும் இல்லாமல் விழுகிறது. ஆம்னீசியாக்கில் இருப்பதை விரும்புகிறவர்கள் ஏன் என்று எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.